கோழிக்கோட்டில் வடக்கு எந்தக் கை

ரமாபாய் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று தலைமை ஆசிரியர் அறையில் அது எவ்வளவு இறங்கிப்போனதென்றால், லோகநாதன் சார் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"என்ன சொன்னீங்க டீச்சர், காதுல விழல."

"என் சோசியல் பீரியடை யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னு கேட்டேன் சார்."

யாரையும் கேட்க வேண்டியதில்லைதான். அவர் தலைமை ஆசிரியர், கால அட்டவணை அவர் கையில். ஐந்தாம் வகுப்பு அட்டவணையில் சமூக அறிவியல் என்று இருந்த கட்டங்களின் மேல் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, பச்சை மையில் 'கணக்குப் பயிற்சி' என்று எழுதியிருந்தார். கையெழுத்து வேறு முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ரமாபாய்க்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

லோகநாதனைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பள்ளிக்கூடத்துக் குழாய் ஒழுகினால் ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே ஸ்பானர் பிடிக்கிற மனிதர். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. வருஷக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கணக்கிலும் வாசிப்பிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் பள்ளிக்கூடம் பின்தங்கினால், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டியவர் அவர்.

"எந்த ராஜா எந்த ஊரை ஆண்டான்னு அங்க யாரும் கேக்கறதில்ல டீச்சர். வகுக்கத் தெரியுதான்னுதான் கேக்கறாங்க. பசங்க நல்லதுக்குத்தானே செய்யறேன்."

"வகுக்கவும் கத்துத் தரேன் சார். அதுக்காக, தான் எங்க நிக்கறோம்னே தெரியாம அதுங்க வளரணுமா?"

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போகுதுங்க?"

இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரமாபாய் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றினாள். வியாழக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வருகிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

"அவரை என் வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்க. சோசியல்ல என்ன வேணும்னாலும் கேக்கட்டும். பசங்க சொதப்பினா, இந்த வெள்ளைப் பேப்பருக்கு நானே இன்னொரு தடவை பசை தடவித் தரேன். சொதப்பலேன்னா இதை நீங்க உரிக்கணும். உங்க கையாலயே உரிக்கணும்."

லோகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் வகுப்பில் நின்றவர்தானே. "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு எழுந்துபோய் ஃபேனைப் போட்டார்.

ஒரு பீரியடுக்காக ஒரு பொம்பளை இவ்வளவு துள்ளலாமா என்று யாராவது நினைக்கலாம். நினைப்பவர்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்திருக்க மாட்டார்கள். ரமாபாய் அங்கேதான் பிறந்தாள். ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் "எந்த ஏரியா?" என்று கேட்டாள். "வியாசர்பாடி" என்று இவள் சொன்னதும் "ஓ" என்றாள். நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

திருப்பி அடிக்க அன்றைக்கு ரமாபாயின் வாயில் ஒரு சொல் இல்லை. அவள் படித்த வரலாறெல்லாம் தஞ்சாவூரிலும் மதுரையிலும் டெல்லியிலும் நடந்திருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரிந்தபோது வயது முப்பதைத் தொட்டிருந்தது. அந்த ஸ்டேஷன் வாசலைச் சின்ன வயதிலிருந்து கடந்து போனவள் அவள். ஒரு வாத்தியார்கூடக் கையை நீட்டி, இதுதான் அது என்று காட்டியதில்லை. விஷயம் தெரிந்த அன்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

தன்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைகூட அப்படி வாயடைத்து நிற்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். அதனால் அவள் வகுப்பில் வரலாறு என்பது ராயபுரம் ரயிலில் ஏறித்தான் டெல்லிக்குப் போகும். வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்துக் கப்பலேற்றியவர்களைப் பார்த்த பிறகுதான் வெள்ளைக்காரன் வருவான். சோழர்களைத் திருவொற்றியூர் கோயில் கல்வெட்டிலிருந்துதான் பிள்ளைகள் சந்திப்பார்கள். மொகலாயர்கள் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும் என்று லோகநாதன் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். "வரட்டும் சார், அவங்களுக்கு என்ன அவசரம்" என்றாள் ரமாபாய்.

பூகோளத்துக்கு அவளிடம் இன்னொரு வித்தை இருந்தது. அந்த வித்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் இருப்பது திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு தெருவில். ஊர் நீளவாக்கில் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தண்டவாளம். அதனால் அங்கே யாரும் கிழக்கு மேற்கு என்று பேசுவதில்லை. கடல் பக்கம், ரயில் பக்கம், அவ்வளவுதான். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவரிடம் "கடல் பக்கம் மூணாவது வூடு" என்பார்கள். பந்தியில் "ரயில் பக்கம் சாம்பார் வர்ல" என்று குரல் வரும். இந்தப் பேச்சு பிள்ளைகளிடம் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், போன வருஷம் ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, "டீச்சர், ரயில் பக்கம் கீற காது வலிக்குது" என்றாள். ரமாபாய் அவள் நிற்கும் திசையைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் காது என்று கண்டுபிடித்தாள்.

பாடப்புத்தகமோ, காலையில் உதிக்கும் சூரியனைப் பார்த்து நில், எதிரே இருப்பது கிழக்கு என்று சொல்லும். பள்ளி தொடங்கும் நேரத்தில் சூரியன் தலைக்குப் பாதி வழி வந்திருக்கும். ஆலைப் புகைபோக்கிகள் மும்முரமாக இருக்கும் நாட்களில் அதுவும் தெரியாது. ரமாபாய் சூரியனை ஒதுக்கிவைத்தாள். ஜூன் மாதம் வகுப்பை அப்படியே கடற்கரைக்கு ஓட்டிப்போய், அலை தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தினாள்.

"கடலப் பாத்து நில்லுங்க. மூஞ்சிக்கு நேரா கிழக்கு. முதுகுப் பக்கம் மேற்கு. இடது கை எண்ணூர், அது வடக்கு. வலது கை ராயபுரம், அது தெற்கு. இனிமே யாராச்சும் திசை தெரியலன்னா தோலை உரிச்சிடுவேன்."

ஒரே நாளில் ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் திசை தெரிந்துவிட்டது. கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும், உப்புக் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி இடது கையைத் தூக்கி "வடக்கு" என்பார்கள். ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் ரமாபாய் இதை எடுத்துச் சொன்னபோது கை தட்டினார்கள். மாதவரத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் மட்டும் "எங்க பக்கம் கடல் இல்லியே" என்று அலுத்துக்கொண்டாள். ரமாபாய்க்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை.

வியாழக்கிழமை வந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் கிருஷ்ணப்பன் பருமனானவர், நிதானமானவர். வகுப்புக்குள் வந்ததும் நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் ஒரு பையனைத் தள்ளி உட்காரச் சொல்லி அவன் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். பெஞ்சு முனகியது, பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். லோகநாதன் வாசலோரம் நின்றார்.

வரலாற்றில் பிள்ளைகள் அவரைத் திணறடித்தார்கள். தென்னிந்தியாவில் முதல் ரயில் எங்கிருந்து என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, முன்வரிசையில் இருந்த ரூஹி எழுந்துவிட்டாள். வகுப்பில் எதற்கும் முதலில் எழுபவள் அவள்தான்.

"ராயபுரம் சார். எங்க வூட்லேர்ந்து ஒரே பஸ்ல பூடலாம். நீங்க பாத்துகிறீங்களா?"

"ரயில்ல அந்தப் பக்கம் போயிருக்கேன்."

"எறங்கிப் பாக்கல?"

கிருஷ்ணப்பன் இல்லையென்று ஒப்புக்கொண்டார். "அப்ப ஒருவாட்டி எறங்கிப் பாருங்க சார், தூணெல்லாம் ஷோக்கா இருக்கும்" என்று ரூஹி அவருக்கு உத்தரவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வாசலோரம் லோகநாதனின் முகத்தில்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ரமாபாய் அதைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி கரும்பலகையைத் துடைத்தாள். வெள்ளைத் தாள் உரியும் சத்தம் அவள் காதில் அப்போதே கேட்டுவிட்டது.

"உங்க டீச்சர் திசையெல்லாம் நல்லா சொல்லித் தருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் கிருஷ்ணப்பன். அவர் மகளைக் கோழிக்கோட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். போன வாரம்தான் பேரனைப் பார்த்துவிட்டு வந்தவர், அந்த நினைப்பிலேயே கேட்டார். "நீங்க எல்லாரும் ரயிலேறிக் கேரளாவுல கோழிக்கோடு போறீங்க. கடற்கரைக்குப் போய், கடலைப் பாத்து நிக்கறீங்க. வடக்கு எந்தக் கை?"

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. ஒரே நேரத்தில் கைகள் உயர்ந்தன. ஓட்டுக்கூரை அதிர ஒரே குரலில் பதில் வந்தது.

"இடது கை சார்."

ரமாபாய் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கோழிக்கோட்டில் கடல் மேற்கே இருக்கிறது. மேற்கே பார்த்து நிற்கிறவனுக்கு இடது கைப் பக்கம் தெற்கு. பிள்ளைகள் ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை, ஒருவர்கூடத் தயங்கவில்லை. அத்தனை கையும் அவள் தூக்கிவிட்ட கை.

கிருஷ்ணப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோகநாதனுக்கு ஒரு கணம் புரியவில்லை. மனதுக்குள் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்திருந்தால் ரமாபாய் தாங்கியிருப்பாள். பரிதாபம் இருந்தது. "போதும் சார், மூணாம் வகுப்பைப் பாக்கலாமா?" என்று அலுவலரை அழைத்துக்கொண்டு நகரப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ரமாபாய். குரல் நன்றாக இறங்கியிருந்தது. இந்த முறை கோபம் யார்மேல் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. "பதில் தப்பு. அதை இப்பிடியே விட்டுட்டு உங்களை அனுப்ப முடியாது."

வகுப்பு கொந்தளித்தது. தப்பா? எப்படித் தப்பு? ரூஹி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, கடலப் பாத்து நின்னா இடது கை வடக்குன்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன். நான் சொன்னதுதான் தப்பு."

டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. கடைசி பெஞ்சில் இருந்த பையன் ஒருவன் நம்பாமல் அலுவலரையே திரும்பிப் பார்த்தான். ரமாபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நம்மூர்ல சூரியன் எங்கேர்ந்து வருது?"

"கடல்லேர்ந்து."

"சாயங்காலம் அதே சூரியன் கடலுக்குள்ள போய் முங்கி யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. காலையில் கடலிலிருந்து வருகிற சூரியன் மாலையில் கடலுக்குள் போவதா? அது ரயில் பக்கம் போய், குடோன் கூரைகளுக்குப் பின்னால் இறங்குகிற பொருள். இதுகூடத் தெரியாமலா கேட்கிறார் டீச்சர்? சிரிக்காமல் ஒருவன் மட்டும் பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் பெயர் வல்லரசு. அப்பா டில்லிபாபு துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரைலர் லாரி ஓட்டுகிறார். பையன் கேட்டால்தான் வாய் திறப்பான்.

"இன்னாடா வல்லரசு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"டபாய்க்காத. சொல்லு."

அவன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் பேசினான். "எங்க நைனா மங்களூருக்கு லோடு இட்டுனு போவும். அங்க சாயங்காலம் சூரியன் கடல்லதான் முங்குதுன்னு சொல்லிச்சு. செவப்பா தண்ணிக்குள்ள எறங்குமாம். எங்கம்மா, சும்மா கதை வுடாம துன்னுட்டுப் படுன்னு சொல்லிச்சு."

"அப்ப உனக்குத் தெரியும். இப்ப சார் கேட்டாரே, நீ ஏன்டா இடது கையத் தூக்கின?"

"கடல் பக்கம்தான் கிழக்குன்னு நீங்க சொன்னீங்களே டீச்சர்." அவன் குரல் இன்னும் சன்னமானது. "நைனா பொய் சொல்லுதுன்னு நெனச்சிகினேன். எங்க டீச்சருக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு படுத்துகிச்சு."

ராத்திரியும் பகலும் ஸ்டியரிங் பிடித்து நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், தன் கண்ணால் ஒன்றைப் பார்த்துவிட்டு, அதை மகனிடம் சொல்ல ஆசைப்பட்டு ஓடிவந்த ஒரு மனிதன். அவனைத் தன் வீட்டிலேயே பொய்யனாக்கியது யார்? நடுவில் இருந்த கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தவள்மேல் இத்தனை வருஷம் ரமாபாய்க்கு இருந்த ஆத்திரம், இப்போது அப்படியே தன்மேல் திரும்பியது. ஆனால் பிள்ளைகள் முன்னால் அழ அவளுக்கு நேரமில்லை.

"உங்க நைனா சொன்னது சத்தியம்டா" என்றாள். "நீ வந்து பெஞ்சைத் தள்ளு. எல்லாரும் தள்ளுங்க. நடுவுல எடம் வேணும்."

கிருஷ்ணப்பனும் எழுந்து தன் பெஞ்சைத் தானே தள்ளினார். ரமாபாய் முழு சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். சிமென்ட் தரை முழுக்க வருகிற மாதிரி, கீழே குறுகிக் கூராக முடிகிற தென்னிந்தியாவை வரைந்தாள். கூர்முனை ராயபுரம் பக்கம் பார்த்து நின்றது. வாசல் இருப்பது கடல் பக்கம், ஜன்னல் இருப்பது ரயில் பக்கம். வாசலோரக் கோட்டில் ஒரு புள்ளி வைத்துத் திருவொற்றியூர் என்று எழுதினாள். ஜன்னலோரக் கோட்டில் இன்னொரு புள்ளி, கோழிக்கோடு.

"ரூஹி, இங்க வா. திருவொற்றியூர்ல நில்லு. கடலைப் பாரு. எண்ணூர் எந்தக் கை?"

"இடது கை. இதத்தான நாங்க சொன்னோம்."

"சரி. இப்ப ரயிலேறு."

வகுப்பு ரயில் சத்தம் போட்டது. ரூஹி குச்சுக் குச்சென்று தரையைக் கடந்து கோழிக்கோட்டுப் புள்ளிக்கு வந்தாள். "எறங்கு. கடலைப் பாத்து நில்லு" என்றாள் ரமாபாய். ரூஹி யோசிக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து திரும்புகிற மாதிரி வாசலைப் பார்த்துத் திரும்பி, இடது கையைத் தூக்கினாள்.

"உன் மூக்குக்கு நேரா தரையில இன்னா கீதுன்னு பாரு" என்றாள் ரமாபாய். பதற்றத்தில் அவளுக்கே வியாசர்பாடி வாய்க்கு வந்துவிட்டது.

ரூஹி குனிந்து பார்த்தாள். அவள் காலடியிலிருந்து வாசல் வரைக்கும் சாக்பீஸ் கோட்டுக்குள் தரைதான் கிடந்தது. "எல்லாம் ஊரா கீது டீச்சர். திருவொற்றியூர் அந்தாண்ட கீது."

"அப்ப கடலு?"

ரூஹி மெதுவாகத் திரும்பினாள். ஜன்னலைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே கிடந்த வெற்றுத் தரையைப் பார்த்து நின்றாள்.

"டீச்சர், கடல் ரயில் பக்கம் கீது."

சிரிப்பில் வகுப்பு இரண்டாகப் போயிற்று. கடல் ரயில் பக்கமாம். ஆனால் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திவிட்டு, தரையையும் ஜன்னலையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "எண்ணூர் பக்கம் கையைத் தூக்கு" என்றாள் ரமாபாய். ரூஹி தூக்கினாள். வலது கை. தூக்கின கையைத் தானே அண்ணாந்து பார்த்தாள், யாரோ வேறு ஆளின் கையைப் பார்க்கிற மாதிரி. அதன்பிறகு வல்லரசு வந்து நின்றான், மற்றவர்கள் இடித்துக்கொண்டு வந்து நின்றார்கள், கோழிக்கோடு நெரிசலில் அழிந்தே போயிற்று.

கிருஷ்ணப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் நின்றார்.

"சரி, கடைசியா ஒண்ணு. நீங்க வேற ஒரு ஊருக்குப் போறீங்க. கடலைப் பாத்து நிக்கறீங்க. வடக்கு எந்தக் கை?"

ஒரு கையும் எழவில்லை. நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ரமாபாய்க்குச் சொல்லிக்கொடுக்க நாக்கு துடித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த ஊரு சார்?" என்றாள் ரூஹி.

"ஏம்மா? ஏதோ ஒரு ஊருன்னு வெச்சுக்கோ."

"ஊரு தெரியாம கையத் தூக்க முடியாது சார். மொதல்ல கடல் எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

கிருஷ்ணப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஊரைச் சொல்லாமலே லோகநாதனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூன்றாம் வகுப்புக்கு நடந்தார்.

அவர் கிளம்பிப்போன பிறகு, ரமாபாய் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். மேஜைமேல் பசை டப்பா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அட்டவணைக்கு முன்னால் போய் நின்றாள். தோற்றால் தோற்றதுதான், அதில் அவள் பேச்சு மாறுகிறவள் இல்லை.

"சொதப்பியாச்சு சார். பேப்பர் ஓரத்துல தூக்கிக்கினு கீது, தடவிடறேன்."

"டப்பாவைக் கீழ வைங்க" என்றார் லோகநாதன். அவர் அட்டவணைக்கு வந்து, வெள்ளைத் தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். "பந்தயம் என்ன டீச்சர்? பசங்க சொதப்பினாத்தானே. பசங்க எங்க சொதப்பினாங்க? நீங்க சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாம சொன்னாங்க. சொதப்பினது நீங்க. உங்களை வெச்சு நான் பந்தயம் கட்டலியே."

தாள் முழுசாக வரவில்லை, பாதியில் கிழிந்தது. அவர் விடாமல் சுரண்டினார். அடியிலிருந்து சமூக அறிவியல் என்ற எழுத்துகள் கொஞ்சம் மங்கலாக வெளியே வந்தன. ரமாபாய் கீழே விழுந்த தாள் துணுக்குகளைப் பொறுக்கினாள். "போங்க டீச்சர், பசங்க கத்தறாங்க" என்று அவர் அவளை விரட்டினார்.

வகுப்பில் நுழைந்தபோது பெஞ்சுகள் இன்னும் சுவரோரம் கிடந்தன. பிள்ளைகள் தென்னிந்தியாவின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயித்த செய்தியைச் சொல்லத்தான் அவள் வந்தாள். வல்லரசின் முகம் கண்ணில் பட்டது. அவன் நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், இத்தனை நாளில் முதல் முறையாக.

அவளுக்குச் சட்டென்று ஒரு பயம் வந்தது. ஒரு டில்லிபாபுவோடு இது முடிந்திருக்குமா?

"ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லணும்" என்றாள். "நான் இங்க சொன்னதுக்கு மாறா, உங்க வூட்டுல அம்மாவோ நைனாவோ அத்தாவோ எதனா சொல்லி, டீச்சர் சொன்னதுதான் கரெக்ட்டுன்னு நீங்க அவங்க வாயை மூடியிருக்கீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ரூஹிதான் கையைத் தூக்கினாள், எப்போதும் போல. ஆனால் இந்த முறை அவள் மெதுவாகத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை, ஜன்னலோரம் ஒரு கை, வாசலோரம் இரண்டு. எண்ணிக்கொண்டே வந்த ரமாபாய் எண்ணுவதை நிறுத்திவிட்டாள், ஏனென்றால் தூக்காத கைகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

அவள் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, சாக்பீஸ் தூள் ஒட்டுமே என்றுகூடப் பார்க்காமல், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க, நான் கேக்கறேன்."